இன்ஷியல் இல்லாத செந்தில்

நடுவர் அவர்களே, எதிரில் அமர்ந்திருக்கும் 'லினக்ஸ் போதும்' அணியினரே, அவையோரே, வணக்கம்.

இன்றைய தலைப்பு, 'இந்த இயங்குதளத்தை லினக்ஸ் என்பதா, குனு/லினக்ஸ் என்பதா?' எனக்கு முன்னால் பேசி முடித்த எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார். "ஊரே லினக்ஸ் என்று கூப்பிடுகிறது. இவர்கள் மட்டும் இன்ஷியல் போடு, இன்ஷியல் போடு என்று நிற்கிறார்கள்" என்றார். நல்ல கைதட்டல். அண்ணே, அந்த வார்த்தையை என் கையில் கொடுத்துவிட்டீர்கள். இனித் திருப்பித் தர மாட்டேன்.

நம்மிடம் இன்ஷியல் எதற்காக இருக்கிறது? அப்பாவுக்கு நன்றி சொல்லவா? அப்பாவை நினைத்துக் கண் கலங்கிக்கொண்டா பெயருக்கு முன்னால் 'கே' போடுகிறோம்? ஒரே வகுப்பில் மூன்று செந்தில்குமார் இருந்தால் கே. செந்திலின் விடைத்தாள் எம். செந்திலிடம் போகக் கூடாது, அவ்வளவுதான். வீட்டுக்குள் யாரும் யாரையும் இன்ஷியலோடு கூப்பிடுவதில்லை. மார்க்‌ஷீட்டிலும் பத்திரத்திலும் பாஸ்போர்ட்டிலும் அது விட்டுப்போனால் எத்தனை அலுவலகம் ஏறி இறங்க வேண்டும் என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும்.

லினக்ஸுக்கு முன்னால் வரும் 'குனு' அந்த மாதிரி இன்ஷியல்தான். என் அணியில் முதலில் பேசியவர் நன்றியைப் பற்றி உருக்கமாகப் பேசினார். 1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய முழு இயங்குதளம் ஒன்றை எழுதக் குனுத் திட்டத்தை அறிவித்ததில் தொடங்கி வரிசையாகச் சொன்னார். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் நான் அந்தக் கணக்கை எடுக்கப் போவதில்லை. நன்றியைக் கேட்டு வாங்கினால் அது வசூல் ஆகிவிடும். எனக்கு வேண்டியது வேறு. ஒரு பெயரைப் படித்துவிட்டு, 'இந்தக் கோப்பு என் கணினியில் ஓடுமா, ஓடாதா?' என்று ஒருவர் சொல்ல முடிய வேண்டும். 'லினக்ஸ்' என்ற பெயர் மட்டும் இருந்தால் அதைச் சொல்ல முடியாது.

எப்படி என்று பார்ப்போம். கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டியிருக்கிறது, நடுவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

லினக்ஸ் என்பது கெர்னல், இயங்குதளத்தின் உட்கரு. நினைவகத்தைப் பங்கு போடுவதும், எந்த நிரலுக்கு எப்போது செயலியைக் கொடுப்பது என்று முடிவு செய்வதும், வட்டோடும் வலை அட்டையோடும் பேசுவதும் அதன் வேலை. நாம் எழுதும் நிரல் பெரும்பாலும் கெர்னலிடம் நேராகப் போய் நிற்பதில்லை. நடுவில் ஒரு சி நூலகம் இருக்கிறது. கோப்பைத் திற, நினைவகம் கொடு, இந்த வலைமுகவரிக்கு எண் என்ன, இந்த இரண்டு சொற்களில் எது முதலில் வரும் என்று நிரல் கேட்பதெல்லாம் அந்த நூலகத்திடம்தான். டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ரெட் ஹேட் என்று கெர்னலோடு மற்ற மென்பொருளையும் சேர்த்துத் தரும் வழங்கல்கள் இருக்கின்றனவே, அவற்றில் அந்த நூலகம் குனுவுடையது. பெயர் ஜிலிப்சி. ஆல்பைன் என்ற வழங்கலில் இருப்பது மசல் என்ற வேறொரு நூலகம். ஆண்ட்ராய்டில் கூகுள் வைத்திருப்பது பயானிக்.

இப்போது ஒரு சோதனை. ஒரே கணினி, ஒரே கெர்னல். அதன் மேல் டாக்கர் என்ற கருவியில் இரண்டு கன்டெய்னர், அதாவது நிரலை அதன் நூலகங்களோடு அடைத்துத் தனியே ஓட்டும் இரண்டு பெட்டி. ஒன்று டெபியன், மற்றது ஆல்பைன். கன்டெய்னருக்குத் தனிக் கெர்னல் கிடையாது என்பது எதிரணிக்கும் தெரியும். இரண்டும் கீழே இருக்கும் அதே லினக்ஸைத்தான் பயன்படுத்துகின்றன. உபுண்டுவில் தொகுத்த, அதாவது கம்பைல் செய்த, ஒரு சி நிரலை எடுத்து இரண்டிலும் போடுங்கள். டெபியனில் ஓடும். ஆல்பைனில் 'நாட் ஃபவுண்ட்' என்று வரும்.

என்ன நாட் ஃபவுண்ட்? கோப்பு கண் முன்னால் இருக்கிறது. 'எல்எஸ்' அடித்தால் பட்டியலில் தெரிகிறது. இயக்கும் அனுமதியும் இருக்கிறது. பாதையைச் சரிபார்த்து, அனுமதியை மாற்றி, கோப்பை மறுபடி நகலெடுத்து, கடைசியில் டாக்கரையே திட்டிவிட்டு மனிதர் சோர்ந்து போவார். காணாமல் போனது அந்தக் கோப்பே இல்லை, நடுவர் அவர்களே. இப்படி நூலகத்தை நம்பித் தொகுத்த நிரல் கோப்பின் தலைப்பகுதியில் 'என்னை ஏற்றி ஓட்ட இன்ன லோடரைக் கூப்பிடு' என்று ஒரு பாதை எழுதியிருக்கும். உபுண்டுவில் தொகுத்ததில் ஜிலிப்சியின் லோடர் எழுதியிருக்கும். ஆல்பைனில் அந்தப் பாதையில் எதுவும் கிடையாது, அங்கே இருப்பது மசலின் லோடர். கெர்னல் லோடரைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, 'இல்லை' என்று திரும்புகிறது. எது இல்லை என்று சொல்லும் பழக்கம் அதற்குக் கிடையாது.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. தொகுத்த கணினியிலேயே 'ஃபைல்' கட்டளையை அந்தக் கோப்பின் மேல் ஓட்டினால் 'இன்டர்பிரட்டர்' என்று லோடரின் பாதையைக் காட்டும். ஓட்ட வேண்டிய கணினியில் 'எல்டிடி' கட்டளையிடம் பதிப்பைக் கேட்டால், குனுவின் நூலகமா மசலா என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். இரண்டு கட்டளை, பத்து வினாடி. சிலர் மசலின் லோடருக்கு ஜிலிப்சியின் பெயரில் சிம்லிங்க் என்ற ஒரு குறுக்குவழி போட்டுச் சமாளிப்பார்கள். சின்ன நிரல் ஓடிவிடும். கொஞ்சம் பெரியது என்றால் தொடங்கிய கையோடு 'சிம்பல் நாட் ஃபவுண்ட்' என்று விழும், ஏனென்றால் ஜிலிப்சியில் உள்ள எல்லாச் செயற்கூறும் மசலில் கிடையாது. ஜிலிப்சி மாதிரி நடிக்க ஆல்பைன் தருகிற ஜிகாம்பாட் பொதியும் பாதிக் கிணறு தாண்டுவதுதான்.

இத்தனையும் எதனால்? பதிவிறக்கப் பக்கத்தில் 'லினக்ஸுக்கானது' என்று எழுதியிருந்தது. ஆல்பைனும் லினக்ஸ்தானே என்று எடுத்துப் போட்டார்கள். எழுதியவர் கே. செந்திலைச் சொன்னார், வந்து நின்றது எம். செந்தில்.

எதிரணி அண்ணன் அப்போதே குறுக்கிட்டார், "ஆல்பைன் ஏதோ ஓர் ஓரத்தில் கிடப்பது, அதற்காக உலகத்தின் வாயை மாற்றுவதா?" என்று. ஓரமா? கன்டெய்னர் படிமம் சிறியதாக வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் தேடிப் போவது அங்கேதான், அவிழ்த்தாலும் 10 எம்பி தாண்டாது என்பதால். வீட்டு ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டிருந்தால் அதற்குள்ளும் மசல்தான். வாய்டு என்ற வழங்கலோ ஒரே பெயரில் ஜிலிப்சி பதிப்பு ஒன்று, மசல் பதிப்பு ஒன்று என இரண்டையும் தருகிறது. சிமேரா லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் கெர்னல் லினக்ஸ், கட்டளைகள் ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளத்திலிருந்து வந்தவை, நூலகம் மசல். அதைக் குனு/லினக்ஸ் என்று யாராவது அழைத்தால் நானே எழுந்து மறுப்பேன். சரியான பெயர் என்றால் வேண்டாத இடத்தில் அதை விடவும் தெரிய வேண்டும்.

இந்த ஓரத்தில் கிடப்பதன் சங்கதி இன்னும் முடியவில்லை. நிரல் ஓடாமல் நின்றுவிட்டால் கூட நல்லது, உடனே தெரிந்துவிடும். ஓடிக்கொண்டே வேறு மாதிரி நடந்துகொள்வதுதான் தொல்லை. ஜிலிப்சியில் ஒரு திரெட்டுக்கு, அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் ஒரு வேலைக்கு, வழக்கமாக 8 எம்பி ஸ்டாக் என்ற வேலை நினைவகம் கிடைக்கும். மசலில் இயல்பாகக் கிடைப்பது 128 கேபி. ஆழமாகத் தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் நிரல் டெபியனில் வருடக்கணக்கில் ஓடியிருக்கும், ஆல்பைனுக்கு மாற்றிய அன்று செக்மென்டேஷன் ஃபால்ட். குறியீட்டில் பிழை தேடிப் பயனில்லை. திரெட்டை உருவாக்கும்போதே ஸ்டாக் அளவைச் சொல்லிவிட வேண்டும். வலைமுகவரிக்கு எண் தேடித் தரும் டிஎன்எஸ்ஸும் அப்படித்தான். பதில் 512 பைட்டைத் தாண்டி வெட்டுப்பட்டு வந்தால் டிசிபி என்ற வேறு வழியாகத் திரும்பக் கேட்க வேண்டும். மசலுக்கு அது 2023இல் வந்த 1.2.4 பதிப்பில்தான் கைவந்தது. அதுவரை கன்டெய்னர்களை மேய்க்கும் குபர்நெட்டிஸ் வைத்திருந்தவர்களுக்குச் சில முகவரிகள் மட்டும் கிடைக்காமல் போன மர்மத்தில் இதற்கும் பங்கு உண்டு.

மூன்றாவது நம் வீட்டுச் சங்கதி. மரம், மலர், மறம், மனம். இந்த நான்கு சொற்களையும் அகராதி வரிசைப்படி அடுக்கச் சொன்னால் பள்ளிப்பிள்ளை நான் சொன்ன இதே வரிசையில் அடுக்கும், ஏனென்றால் நம் நெடுங்கணக்கில் றகரமும் னகரமும் கடைசி. ஜிலிப்சியில் தமிழ் லொக்கேலை, அதாவது தமிழுக்கான மொழி அமைப்பை, நிறுவி அமைத்திருந்தால் 'சார்ட்' கட்டளையும் அப்படியே அடுக்கும். மசலில் மொழிவாரி வரிசைப் பட்டியல் கிடையாது, யூனிகோடு எண்ணைப் பார்த்து அடுக்குகிறது. யூனிகோடில் ன, ந-வுக்கு அடுத்து. ற, ர-வுக்கு அடுத்து. அதனால் அங்கே மனம், மரம், மறம், மலர் என்று வரும். பெயர்ப் பட்டியல் மாறி வந்தால் சகித்துக்கொள்ளலாம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தன் இன்டெக்ஸை, அதாவது தேடல் அட்டவணையை, இந்த வரிசையை நம்பிக் கட்டி வைத்திருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? டெபியன் படிமத்தில் ஓடிய தரவு அடைவை அப்படியே ஆல்பைன் படிமத்தில் மாட்டினால், வரிசை மாறிய இன்டெக்ஸில் தேடல் தவறான கிளைக்குள் போகும். இருக்கும் பதிவை இல்லை என்று சொல்லும். தனித்தன்மை கேட்கும் பத்தியில் ஒரே பெயர் இரண்டு முறை ஏறும். மாற்றிய உடனே ரீஇன்டெக்ஸ் ஓட்டியாக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எதிரணி எடுத்துக்கொள்வார்கள். 2018இல் வந்த ஜிலிப்சி 2.28 தன் வரிசைப் பட்டியலையே மாற்றியது. டெபியன் 9இலிருந்து 10க்குப் போனவர்களுக்கும் இதே இன்டெக்ஸ் வம்பு வந்தது. குனு தவறே செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. தரவுத்தளத்தைப் பாதிக்கிற அளவுக்கு அது அடித்தளத்தில் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். அந்த வம்பு வந்தபோது கெர்னல் பதிப்பைப் பார்த்தவர்களுக்கு எதுவும் புரிந்திருக்காது.

பைத்தான் மொழிக்காரர்கள் இதைப் பட்டே தெரிந்துகொண்டார்கள். 2016இல் முன்தொகுத்த பொதிகளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள், 'மெனிலினக்ஸ்1' என்று. பல லினக்ஸ்களில் ஓடும் என்பது பெயரின் பொருள். உள்ளே இருந்த நிபந்தனை என்ன? ஜிலிப்சி 2.5 இருக்க வேண்டும். பெயரில் லினக்ஸ், நிபந்தனையில் குனு. ஆல்பைனில் பைத்தானின் நிறுவியான பிப் அந்தப் பொதிகளைத் தொடாது. மூலநிரலை இறக்கி அங்கேயே தொகுக்கத் தொடங்கும். அதற்குக் குனுவின் கம்பைலரான ஜிசிசி வேண்டும், தலைப்புக் கோப்புகள் வேண்டும். இடத்தை மிச்சப்படுத்த ஆல்பைனுக்குப் போனவரின் படிமம் ஊதிப் பெருக்கும், நேரமும் போகும். கடைசியில் 2021இல் 'மசல்லினக்ஸ்' என்று இன்னொரு பெயர் வைத்தார்கள். ஐந்து வருடம் கழித்து மற்ற செந்திலுக்கு இன்ஷியல் கொடுத்தார்கள், நடுவர் அவர்களே! ரஸ்ட் மொழிக்காரர்கள் இந்த விஷயத்தில் விவரமானவர்கள். அவர்களுடைய இலக்குப் பெயரே 'லினக்ஸ்-குனு' என்று ஒன்று, 'லினக்ஸ்-மசல்' என்று இன்னொன்று. டெபியனில் நூலகங்கள் கிடக்கும் அடைவின் பெயரிலும் 'லினக்ஸ்-குனு' இருக்கிறது. தினமும் அந்த அடைவைத் தாண்டித்தான் எதிரணி நண்பர்கள் வேலை செய்கிறார்கள்.

குனுவுக்குள்ளேயே பதிப்புச் சிக்கல் இருக்கிறது, அதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். உபுண்டு 22.04இல் தொகுத்த ஒரு சாதாரண 'வணக்கம் உலகம்' நிரலை டெபியன் 11க்குக் கொண்டுபோனால் 'ஜிலிப்சி 2.34 இல்லை' என்று மறுத்துவிடும். வணக்கம் சொல்ல 2.34 எதற்கு? அந்தப் பதிப்பில்தான் திரெட் நூலகத்தைத் தனியே வைத்திராமல் முதன்மை நூலகத்துக்குள் சேர்த்தார்கள். அப்போது நிரலைத் தொடங்கி வைக்கும் செயற்கூறுக்கும் புதிய பதிப்பு முத்திரை விழுந்தது. அதன்பின் தொகுத்த எல்லா நிரலும் அந்த முத்திரையைக் கேட்கும். புதிய கெர்னலை நிறுவினாலும் இது தீராது. எந்தப் பழைய வழங்கல் வரை ஆதரிக்க வேண்டுமோ அதிலேயே, அல்லது அதன் கன்டெய்னரிலேயே தொகுக்க வேண்டும். 2024 தொடக்கத்தில் விஎஸ் கோடு என்ற எடிட்டரின் 1.86 பதிப்பு ஜிலிப்சி 2.28 கேட்டது. உபுண்டு 18.04இல் இருந்தது 2.27. தொலைவிலிருந்த பழைய சர்வர்களோடு இணைய முடியாமல் ஆட்கள் திண்டாடினார்கள். ஒரே ஒரு புள்ளி எண் வித்தியாசம், அதுவும் குனுவின் எண்.

அண்ணன் அடுத்து ஒன்று சொன்னார், "ஆண்ட்ராய்டும் லினக்ஸ்தான், உலகத்துக் கைகளில் எல்லாம் லினக்ஸ் இருக்கிறது" என்று. மகிழ்ச்சி. அப்படியானால் லினக்ஸுக்கான லிப்ரெஆபிஸ் அலுவலக மென்பொருளின் டெப் பொதியை எடுத்து உங்கள் கைப்பேசியில் நிறுவிக் காட்டுங்கள். மாட்டீர்கள், முடியாது. கெர்னல் அதே கெர்னல்தான், மேலே இருப்பது பயானிக்கும் டாய்பாக்ஸ் கட்டளைகளும் ஆண்ட்ராய்டின் சொந்த இயங்குசூழலும். அது குனு இல்லாத லினக்ஸ். இதன் மறுபக்கமும் நடந்தது. 2016இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்குள் உபுண்டுவைக் கொண்டுவந்தது. அதன் கட்டளைகளில் பேஷ் ஓடியது, கிரெப் ஓடியது, ஆப்ட் ஓடியது. "விண்டோஸில் லினக்ஸ்" என்று எல்லோரும் எழுதினார்கள். அந்த முதல் பதிப்பில் லினக்ஸ் கெர்னல் இருந்ததா? இல்லவே இல்லை. கெர்னலுக்குப் போக வேண்டிய அழைப்புகளை விண்டோஸே வாங்கி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது. உண்மையான லினக்ஸ் கெர்னல் உள்ளே வந்தது 2019இல், இரண்டாம் பதிப்பில். லினக்ஸ் இருக்கும் கைப்பேசியை 'ஆண்ட்ராய்டு' என்றோம், லினக்ஸே இல்லாததை 'லினக்ஸ்' என்றோம். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு எப்படி விலாசம் கண்டுபிடிப்பது?

டெபியன் இந்தப் பிரிவை வெளிப்படையாகவே செய்து காட்டியது. 2011இல் வந்த டெபியன் 6இல் டெபியன் குனு/கேஃப்ரீபிஎஸ்டி என்று ஒரு முன்னோட்டப் பதிப்பு இருந்தது. ஃப்ரீபிஎஸ்டி கெர்னலின் மேல் அதே ஜிலிப்சி, அதே ஆப்ட், அதே கட்டளைகள். அந்த முயற்சி நிலைக்கவில்லை, உண்மைதான். ஆனால் சாய்வுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பிரித்தெழுதுவது சம்பிரதாயத்துக்காக இல்லை என்பதற்கு அது சாட்சி. இன்றைக்கும் டெபியனின் ஓஎஸ்-ரிலீஸ் கோப்பைத் திறந்தால் 'டெபியன் குனு/லினக்ஸ்' என்றுதான் இருக்கும். ஃபெடோரா 2021இல் தன்னை 'ஃபெடோரா லினக்ஸ்' என்று எழுதத் தொடங்கியது. அது எதிரணிக்கு ஒரு மதிப்பெண், கொடுத்துவிடுகிறேன்.

"உருவாக்கியவர் வைத்த பெயர் லினக்ஸ், அதை மாற்ற நீங்கள் யார்?" என்றும் கேட்டார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் வைக்க நினைத்த பெயர் 'ஃப்ரீக்ஸ்'. ஃபின்லாந்தின் எஃப்டிபி சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆரி லெம்கேக்கு அது பிடிக்கவில்லை, அவராகவே அடைவுக்கு 'லினக்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். உருவாக்கியவர் வைத்த பெயர்தான் வேண்டும் என்றால் இன்றைய தலைப்பையே மாற்ற வேண்டியிருக்கும், நடுவர் அவர்களே. சரி, டோர்வால்ட்ஸ் எதற்குப் பெயர் வைத்தார்? 1991 ஆகஸ்டில் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் இணையக் குழுவுக்கு அறிவித்தபோதே, இது பொழுதுபோக்கு, குனு மாதிரிப் பெரியதாக வராது என்றார். அதன் மேல் ஓட்டிப் பார்த்ததாக அவர் சொன்னவை பேஷ் 1.08, ஜிசிசி 1.40. இரண்டும் குனு. செப்டம்பரில் 0.01 வெளியிட்டபோது சேர்த்த குறிப்பில், கெர்னலை மட்டும் வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாது, கட்டளை வாங்கும் ஷெல்லும் கம்பைலரும் நூலகமும் வேண்டும், அவற்றில் பெரும்பாலானவை குனுவின் மென்பொருள் என்று அவரே எழுதினார். அவர் பெயர் வைத்தது எஞ்சினுக்கு. பேருந்துக்கு அந்தப் பெயரை நாம்தான் நீட்டினோம். பின்னாளில் குனு/லினக்ஸ் என்ற பெயரை அவர் ஏற்கவில்லை என்பதும் தெரியும். பிள்ளை இன்ஷியல் வேண்டாம் என்று சொல்லலாம், பாஸ்போர்ட் அலுவலகம் கேட்குமே!

ஒரு சின்னத் தகவல், சிரிப்பதற்கு. கெர்னலின் மூலநிரல் எழுதப்பட்டிருப்பது எந்த வகைச் சியில் தெரியுமா? 5.18 பதிப்பிலிருந்து 'குனு11', அதற்கு முன் 'குனு89'. கிளாங் கம்பைலராலும் இன்று கெர்னலைத் தொகுக்கலாம், ஆனால் அதுவும் குனுவின் அந்தச் சி வழக்கைக் கற்றுக்கொண்ட பிறகுதான்.

இனி எதிரணியின் பெரிய அம்பு. "குனுவுக்குப் பெயரில் இடம் என்றால் திரையில் சாளரம் வரையும் எக்ஸ் விண்டோவுக்கு? டெஸ்க்டாப் தரும் கேடிஇக்கு? சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டிக்கு? பெயர் ரயில் மாதிரி நீளுமே!" நல்ல கேள்வி, கேலியாகக் கேட்டாலும் நல்ல கேள்வி. அளவுகோல் ஒன்று போதும், எதை எடுத்தால் நிரல் ஓடாது? கேடிஇயை எடுத்துவிட்டு நோம் என்ற வேறு டெஸ்க்டாப் போடுங்கள், நிரல் ஓடும். சர்வரில் எக்ஸே இருக்காது, ஓடும். கன்டெய்னருக்குள் பெரும்பாலும் சிஸ்டம்டி இருக்காது, ஓடும். ஜிலிப்சியை எடுத்தால்? ஆல்பைனில் பார்த்தோமே. பெயருக்குள் வர இரண்டே பேருக்குத்தான் தகுதி இருக்கிறது, கெர்னலுக்கும் அதன் மேல் நிற்கும் அடித்தளத்துக்கும். ரயிலுக்கு இரண்டு பெட்டிதான்.

சதவீதக் கணக்கும் வந்தது. தொண்ணூறுகளில் ஒரு சிடி விற்பனையாளர் எண்ணியபோது குனு 28, லினக்ஸ் 3 என்று எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். இன்று கெர்னல் மட்டுமே 4 கோடி வரியைத் தொட்டுவிட்டது என்று அவர்கள் சொல்வார்கள். அதில் பெரும்பகுதி உங்கள் கணினியில் இல்லாத வன்பொருளுக்கான டிரைவர்கள். வரியை எண்ணிப் பெயர் வைப்பதென்றால் உலாவிக்குத்தான் வைக்க வேண்டும். இந்தக் கணக்கை இரு அணியும் விட்டுவிடலாம்.

புதிதாக ஒன்று சொன்னார்கள், அதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10, குனுவின் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பான கோர்யூட்டில்ஸை எடுத்துவிட்டு ரஸ்டில் எழுதிய மாற்றை இயல்பாக வைத்தது. "எங்கே உங்கள் குனு?" என்கிறார்கள். எல்எஸ், சிபி, டேட் போன்ற கட்டளைகள் மாறின, உண்மை. அந்த ரஸ்ட் கட்டளைகள் எதன் மேல் ஓடுகின்றன? ஜிலிப்சியின் மேல். அவற்றின் வெற்றியை எப்படி அளக்கிறார்கள்? குனுவின் சோதனைத் தொகுப்பை ஓட்டி, எத்தனை தேறியது என்று பார்த்து. வந்த புதிதில் என்ன நடந்தது என்பதும் தெரிந்ததே. 'டேட்' கட்டளையிடம் ஒரு கோப்பு எப்போது மாறியது என்று கேட்டால் இப்போதைய நேரத்தைச் சொன்னது. அதை நம்பியிருந்த தானியங்கிப் புதுப்பிப்புச் சோதனை சில கணினிகளில் நடக்காமலே போனது. பிறகு திருத்திவிட்டார்கள். குறை சொல்ல இதை எடுக்கவில்லை. பெயரில் குனு இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் எத்தனை ஸ்கிரிப்ட் குனுவின் நடத்தையை நம்பி நிற்கிறது என்பது, அது விலகிய அன்றுதான் தெரிந்தது. ஒருநாள் உபுண்டு ஜிலிப்சியையும் மாற்றினால், அன்று அது குனு/லினக்ஸ் இல்லை. நானே சொல்வேன்.

ஹர்டைச் சொல்லிச் சிரித்தார்கள், 1990இல் தொடங்கிய குனுவின் சொந்தக் கெர்னல் இன்னும் 1.0 ஆகவில்லை என்று. சிரியுங்கள், நானும் சிரிக்கிறேன். எஞ்சின் அவர்களால் முடியவில்லை, அதனால்தான் பெயரின் இரண்டாம் பாதி லினக்ஸ்.

எங்கள் பக்கக் கோமாளித்தனத்தையும் மறைக்க மாட்டேன். 1996இல் ஸ்டால்மன் இரண்டையும் குழைத்து 'லிக்னக்ஸ்' என்று ஒரு பெயர் வைத்தார். ஈமாக்ஸ் எடிட்டரின் ஒரு பதிப்பில் அது ஏறியே விட்டது, பிறகு ஓடிப்போய் மாற்றினார்கள். யாராவது 'லினக்ஸ்' என்று வாய் திறந்தால் போதும், 'ஒரு நிமிடம் குறுக்கிடுகிறேன்' என்று தொடங்கி ஒரு பத்தி ஒப்பிக்கும் நக்கல் இணையம் முழுக்க உண்டு. அந்த நக்கலுக்கு நாங்கள் தகுதியானவர்கள்தான். டீக்கடையில் நின்று பேசும் ஆளைத் திருத்துவது அநாகரிகம். கல்லூரிப் பையன் "என் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டிருக்கிறேன் அண்ணா" என்றால் "நல்லது தம்பி" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வீட்டில் செந்தில், செந்தில்தான்.

நான் கேட்பது எழுதும் இடங்களில். பதிவிறக்கப் பக்கத்தில், நிறுவல் கையேட்டில், கொள்முதல் ஒப்பந்தத்தில், பாடப்புத்தகத்தில். சென்னையில் மத்திய அரசின் சி-டாக் மையம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட இயங்குதளத்துக்கு 'பாஸ் குனு/லினக்ஸ்' என்று எழுதினார்கள். கேரளப் பள்ளிகளுக்கான வழங்கலின் பெயர் 'கைட் குனு/லினக்ஸ்'. அரசு அலுவலகமும் பள்ளிக்கூடமும் எழுத முடிந்ததை, மென்பொருளையே தொழிலாகச் செய்பவர்களால் எழுத முடியாதா? கெர்னலை மட்டும் நம்பியிருக்கும் நிரல் என்றால், உதாரணமாக சி நூலகத்தோடு இணைக்காமல் கோ மொழியில் தொகுத்த ஒற்றைக் கோப்பு என்றால், அங்கே தாராளமாக 'லினக்ஸ்' என்று மட்டும் எழுதுங்கள். அந்த இடத்தில் அதுதான் துல்லியம்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் தீர்ப்பு எழுதும்போது ஒரு வரியைப் பார்த்து எழுத வேண்டும். ஒரு மென்பொருளின் பதிவிறக்கப் பக்கத்தில் இரண்டு பொத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் 'குனு/லினக்ஸ், ஜிலிப்சி 2.28 அல்லது அதற்கு மேல்'. இரண்டாவதில் 'மசல்/லினக்ஸ், ஆல்பைனுக்கு'. எதிரணி சொல்கிறபடி எழுதினால் இரண்டு பொத்தானிலும் 'லினக்ஸ்' என்றுதான் இருக்கும். எதை அழுத்துவது என்று அண்ணன் எழுந்து சொல்லட்டும், நான் உட்கார்ந்து கேட்கிறேன்.